இரண்டு வெளிச்சம் தெரிந்தால் ஜீப்

மன்னார்த் தீவுக் கழுதைகள் பகல் முழுவதும் நிழல் தேடி அலையும். பொழுது பட்டதும், சூடு ஆறாத தார் வீதியில் வந்து நிற்கும். தாரின் நிறம், கழுதையின் நிறம், பொழுது பட்ட வானத்தின் நிறம், மூன்றும் ஒன்றுதான். மூன்றையும் பிரித்துக் காட்டும் வல்லமை என் பைக்கின் ஹெட்லைட்டுக்கு இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, தீவைத் தரையோடு சேர்க்கும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கழுதையின் விலாவில் போய்ச் செருகினேன். கழுதை உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு நடந்து போய்விட்டது. நான் எழும்பத்தான் நேரம் எடுத்தது.

இடது பக்கக் கண்ணாடி போயிற்று. முன்னால் கால்களுக்குக் காவலாக இருந்த லெக் கார்ட் கோணிக்கொண்டது. முழங்கையில் தோல் இல்லை. இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. நான் செய்த விசர் வேலை, இதை உம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னதுதான்.

"பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தி வீட்ட போய்ச் சேரணும். ஏலாட்டி வேலைய விட்டுட்டுப் புத்தளத்துக்கு வா" என்றார் உம்மா.

"வேலை முடியிறதே அஞ்சரைக்கு உம்மா. நான் பறந்தா போறது?"

"அப்ப வா."

வருவது லேசு. வந்தால் வீடு போய்விடும். அதுதான் சிக்கல்.

நான் பிறப்பதற்கு முன்பே, சண்டைக் காலத்தில், எங்கள் குடும்பம் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஊர் என்றால் வாப்பா சொல்லும் ஒரு பெயர், அவ்வளவுதான். சண்டை முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது, அரிப்பு என்ற ஊரைத் தாண்டி, கடலுக்கும் பற்றைக் காட்டுக்கும் நடுவே எங்கள் பெயருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்று: வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் காணி வேறு ஆளுக்குப் போகும். வாப்பாவுக்குப் புத்தளத்தில் கடை. தங்கச்சிமாருக்குப் பள்ளிக்கூடம். பட்டம் முடித்து, மன்னார் டவுனில் கணினி படிப்பிக்கும் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகாமல் சும்மா திரிந்தவன் நான்தான். "நீ போய் இரு மகன், நாங்க பின்னால வாறம்" என்றார் வாப்பா. நானும் பெரிய ஆள் மாதிரிப் போய் இருந்தேன்.

அந்த ஒழுங்கையில் பத்து வீடுகள். முதல் வீட்டில் ஒரு மாமி இருந்தார். உறவு இல்லை, ஊர் முறைக்கு மாமி. புருஷன் மௌத்தாகி, மகன் புத்தளத்தில் குடும்பத்தோடு இருக்க, இவர் மட்டும் வந்துவிட்டார். ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மருமகளோட இருக்கிறதுக்கு யானையோட இருக்கலாம்" என்றார். கடைசி வீடு என்னுடையது. நடுவில் எட்டு வீடு. எட்டுக்கும் ஆள் இல்லை. அவர்களும் எங்களைப் போலத்தான். பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள், கிணற்றுத் தண்ணீர் உப்பு, கரண்ட் இன்னும் வரவில்லை. ஆனால் காணியை விட மனம் இல்லை. எட்டு வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளும் மாமியின் இடுப்பில் தொங்கின.

மாமி இஷா தொழுதவுடன் படுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் பேச்சுக்கு ஆள் நான்தான், கேட்பதற்கும் நான்தான். பல்கலைக்கழகத்தில் ஓர் அறையில் ஆறு பேர் கிடந்து, தூங்க விடுங்கடா என்று கத்தியவன் நான். இங்கே யாராவது குறட்டை விட்டால் போதும் என்றிருந்தது.

சரி, லைட் கதைக்கு வருகிறேன்.

என் பைக்கில் ஹெட்லைட்டுக்கு எஞ்சினிலிருந்து நேரே கரண்ட் போகிறது. வேகமாகப் போனால் வெளிச்சம் கூடும், மெதுவாகப் போனால் மங்கும். பள்ளம் பார்த்து மெதுவாகப் போகலாம் என்றால் பள்ளம் தெரியாது. பள்ளம் தெரிய வேண்டும் என்றால் வேகமாகப் போய் அதில் விழ வேண்டும். இதைக் கண்டுபிடித்தவனை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன். அதனால் மேலதிகமாக ஒரு சோடி எல்.ஈ.டி லைட் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். டவுனில் சீனச் சாமான் விற்கும் கடையில், இருப்பதிலேயே மலிவான சோடியை வாங்கினேன். பெட்டியில் எழுதியிருந்த எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் மட்டும் ஒரு பைக் சூரியனையே கக்கிக்கொண்டு போனது.

பூட்டித் தந்தவன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக் திருத்தும் கராச் வைத்திருந்த ஒரு பொடியன். என் வயதுதான். வாய் மட்டும் இரண்டு பேருக்கு.

"கழுதையில அடிச்ச சேர் வாங்கோ" என்று கூப்பிட்டான். டவுன் முழுக்கத் தெரிந்துவிட்டது போல. "கம்பஸில கழுதை படிப்பிக்கேல்லையோ?"

"கழுதையளோடதான் படிச்சனான். ரோட்டில நிண்டதுதான் புதுசு."

அவனுக்குப் பிடித்துவிட்டது. வேலை தொடங்கினான். பற்றரியிலிருந்து நேரே வயரை இழுத்து, சுவிட்சில் கொடுத்து, லைட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தான். நான் விடவில்லை. மூன்று நாளாக வீடியோ பார்த்துவிட்டு வந்தவன் நான்.

"வயர் சூடாகாம ரிலே போடு. பியூஸும் போடு. திறப்பு போட்டாத்தான் லைட் பத்தோணும்."

"ரிலே என்னத்துக்கு மச்சான்? நான் ஆயிரம் பைக்குக்கு நேர பூட்டினனான்."

"அந்த ஆயிரமும் இப்ப எங்க?"

கொஞ்சம் யோசித்தான். "எரிஞ்சது ரெண்டுதான்" என்றான்.

ரிலே போட்டான். ஆனால் லைட்டை எங்கே பூட்டுவது என்பதில் அவன் சொன்னதுதான் நடந்தது. கோணிய லெக் கார்ட்டை அடித்து நிமிர்த்தி, அதற்கு மேலே குறுக்காக ஒரு பட்டை இரும்பை ஒட்டினான். பட்டை இரண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டியது. அதன் இரண்டு நுனியிலும் இரண்டு லைட். பார்க்க பைக் கையை விரித்துக்கொண்டு யாரையோ கட்டிப்பிடிக்கப் போவது போல இருந்தது.

"ஏன்டா இவ்வளவு அகலம்?"

"கழுதை நடுவிலயா நிண்டது? ஓரத்தில நிண்டுதான் குறுக்க வந்தது. ஓரம் தெரியோணும். நடுவுக்கு ஹெட்லைட் இருக்குத்தானே."

"அது இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

"தூரத்தில வாறவனுக்கு அது தெரியவே தெரியாது. உன்ர ரெண்டு லைட்டும்தான் தெரியும்" என்றான். பின்னேரம் கொஞ்சம் இருட்டியதும் பக்கத்துக் கடைச் சுவரில் வெளிச்சத்தை அடித்து, திருகாணியைத் தளர்த்தி, எதிரே வருபவனின் கண்ணில் குத்தாதபடி கீழே இறக்கினோம். கடைக்காரர் வெளியே வந்து, "என்னடா, என்ர சுவரில படம் போடுறியளோ?" என்றார்.

அன்று வீட்டுக்குப் போன பயணத்தை எப்படிச் சொல்வது? ஆறு மாதம் போய் வந்த பாதை, எனக்குப் புதிதாக இருந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் சேறும் கொக்கும் தெரிந்தன. ஓரத்தில் நின்ற கழுதைகளின் கண்கள் சோடி சோடியாகப் பளிச்சிட்டன. எண்ணி முடியாது. இத்தனை பேருக்கு நடுவில்தான் நான் இவ்வளவு நாளும் குருடனாகப் போய் வந்திருக்கிறேன். அரிப்புப் பாலம் தாண்டியதும் ஒரு நண்டு வீதியைக் கடந்தது. நண்டு! அதன் காலெல்லாம் தெரிந்தது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தோளில் தட்டி, "டேய், நண்டடா" என்று சொல்லியிருப்பேன். நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பெரிய வீதியிலிருந்து எங்கள் குடியிருப்புக்குத் திரும்பும் இடத்தில், பற்றைக் காட்டின் நடுவே ஒரு கிரவல் பாதை நேராகப் போகிறது. பாதை முழுக்கப் பள்ளம். ஆனால் வளைவு ஒன்றுகூட இல்லை. திரும்பியதுமே தூரத்தில் வீடுகளின் கறுப்பு உருவம் தெரியும். வழக்கமாக மாமி வீட்டு லாம்பு ஒன்றுதான் தெரியும்.

அன்று திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும், மாமி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெளிச்சம் வந்தது.

நான் வேகத்தைக் குறைத்தேன். அடுத்த வீட்டிலும் வெளிச்சம். அதற்கு அடுத்ததிலும். ஒவ்வொன்றாக யன்னல்கள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. மூன்று, நான்கு. வந்துவிட்டார்கள். சனம் வந்துவிட்டது. புத்தளத்திலிருந்து வான் பிடித்து எல்லோரும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லாமல் வாப்பாவும் வந்திருப்பாரோ? வீட்டைக் கூட்டவில்லையே என்று ஒரு பயம் வேறு. நாலு வீட்டில் ஆள் இருந்தால் பிள்ளைகள் கத்தும், சமைக்கிற மணம் வரும், யாராவது ஒருவன் கரம் போர்ட் விளையாட வா என்று கூப்பிடுவான். பள்ளத்தையும் பாராமல் பைக்கை முறுக்கினேன்.

ஐந்தாவது வீட்டு வாசலில் மாமி நின்றார். ஒரு கையில் நெருப்புப் பெட்டி, மற்றக் கையில் திறப்புக் கோர்வை. முக்காடு தோளில் கிடந்தது. மூச்சு வாங்கிற்று.

"யாரு மாமி வந்திருக்கிறது?" என்று கத்தினேன்.

மாமி என்னைப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். பட்டை இரும்பைப் பார்த்தார்.

"நீயாடா?" என்றார். "அட நாசமாப் போனவனே! ரெண்டு வெளிச்சத்தக் கண்டு ஜீப்பெண்டு நெனச்சி, உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடித் திரியிறன்!"

அந்தக் கிழமை அதிகாரிகள், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்களாம். பகலில் வந்தால் ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று சனம் சொல்லும், அதனால் பொழுதுபட்டு மைமல் நேரத்தில்தான் வருவார்கள் என்று யாரோ புத்தளத்தில் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வீட்டாரும் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, ஜீப் வெளிச்சம் கண்டால் லாம்பைக் கொளுத்திவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

லாம்புகளை ஊதி நூர்க்க மாமியோடு போனேன். அந்த வீடுகளுக்குள் அன்றுதான் முதல் தடவை போனேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி: சுருட்டி வைத்த பாய், கழுவிக் கவிழ்த்த ஆறு தேத்தண்ணிக் கோப்பை, பின்பக்கக் கொடியில் உடுப்பு. ஒரு வீட்டுக் கொடியில் சின்னப் பிள்ளையின் சட்டை ஒன்று. வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மற்றப் பக்கம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"கிழமைக்கு ஒருக்காக் கழுவித் திரும்பப் போடுறன்" என்றார் மாமி. "இந்தப் புள்ளை இப்ப இதப் போட ஏலாது, வளந்திருக்கும்."

கடைசி லாம்பையும் ஊதியபோது ஒழுங்கை பழையபடி ஆயிற்று. அன்றிரவு நான் சமைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் செய்தோம். கிரவலில் திரும்பியதும் நான் மூன்று தரம் ஹோர்ன் அடிக்க வேண்டும். அடித்தால் நான், அடிக்காவிட்டால் ஜீப். முதல் கிழமை ஒழுங்காக அடித்தேன். பிறகு சில நாள் மறந்துபோனேன். மறந்துபோனேன் என்று மாமியிடம் சொன்னேன். ஹோர்ன் அடிக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தால், யன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். இரண்டு நிமிஷத்துக்கு அது ஓர் ஊர்.

"மண்ணெண்ணெய் என்ன, உன்ட வாப்பாவா ஊத்துறாரு?" என்று மாமி ஏசுவார். "இன்னொருக்கா மறந்தாய், அந்த லைட்டக் கல்லால அடிப்பன்."

அதிகாரிகள் வந்தார்கள். மைமலில் இல்லை, காலை பத்து மணிக்கு. நான் டவுனில் வகுப்பில் நின்றேன். மாமி தொலைபேசி எடுத்தார்.

"மகன், வந்துட்டுப் போறானுகள். எட்டு வீட்டயும் சுத்திப் பாத்தானுகள், கொடியில உடுப்பு கிடக்கு, ஒண்டும் பேசல்ல. உன்ட வீட்டத்தான் பூட்டிக் கிடக்கெண்டு எழுதிட்டுப் போறானுகள்."

பத்து வீட்டில், ஒவ்வொரு நாளும் படுத்தெழும்புகிற இரண்டு பேரில் ஒருவன் நான். நான்தான் ஊரில் இல்லாதவனாம்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். எழுதிக்கொண்டு போனவர் புதிதாக வந்த விதானை, கிராம அலுவலர். நானாட்டான் ஊர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பம், முப்பது வயது இருக்கும். மேசையில் பைல் மலை.

"தம்பி, பூட்டுத் தொங்குது. பூட்டை நான் என்னெண்டு எழுதுறது?"

"வேலைக்குப் போறனான் சேர். ராவைக்கு வந்துடுவன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லினம். மற்ற வீடுகளில உடுப்பெண்டாலும் காயுது. உம்மட வீட்டில கொடியே இல்லை."

"நான் உடுப்பக் கதிரை முதுகில காயப்போடுறனான் சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஆள் இருக்கேக்க வந்து பாத்தால்தான் மாத்தி எழுதலாம்" என்றார். "ஆனா பொழுதுபட்டால் அந்த ரோட்டில என்னால வரேலாது. என்ர பைக்கில லைட் சரியில்லை."

"என்ட பைக்கில இருக்கு சேர்" என்றேன். "பின்னால வாங்க."

அவருக்கு வெள்ளிக்கிழமை மன்னாரில் கூட்டம் இருந்தது. கூட்டம் முடிந்து, என் வகுப்பு முடியும்வரை காத்திருந்து, என்னோடு புறப்பட்டார்.

அந்தப் பயணம் முழுக்க, எனக்கு மிஞ்சியிருந்த வலது கண்ணாடியில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது. அது சிறிதானால் நான் வேகத்தைக் குறைப்பேன். பெரிதானால் கூட்டுவேன். கழுதை கண்டால் கையைத் தூக்கிக் காட்டுவேன், அவர் ஹோர்ன் அடித்து விளங்கிற்று என்பார். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அரிப்புப் பாலத்தில் நிறுத்தியபோது, "இந்த ரோட்டில இவ்வளவு கழுதை நிக்குதா?" என்றார். வீட்டுக்கு விருந்தாளி கூட்டிப் போகிற சந்தோஷப் புளுகு எனக்கு.

கிரவலில் திரும்பினேன். வந்தவர்கள் இன்னொரு தரம் வரலாம் என்று மாமி இன்னும் ஜீப்புக்குக் காவல்தான். ஹோர்ன் பட்டனில் பெருவிரல் இருந்தது. அடித்தால் எட்டு வீடும் இருட்டில் கிடக்கும். அடிக்காவிட்டால் மாமி ஓடுவார். பின்னால் வருபவர் அதைப் பார்ப்பார்.

அடிக்கவில்லை. எட்டுக் குடும்பத்தைக் காப்பாற்ற என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஊர் வெளிச்சமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். யன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. அன்று மாமிக்கு என்ன வேகமோ, எட்டும் எரிந்தது.

விதானை பைக்கை நிறுத்தி இறங்கினார். "அட, இவ்வளவு சனமா?"

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓம் சேர், எல்லாரும் பள்ளிக்குத் தொழப் போயிட்டாங்க" என்றார்.

"பொம்பிளையள் பிள்ளையளுமோ?"

"அவங்க... ஒரு கலியாண வீடு."

விதானை மாமி வீட்டுக்கு அடுத்த வீட்டு யன்னலால் உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்த கோப்பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்து லாம்பைக் கொளுத்தினேன். வெட்கமாகப் போய்விட்டது. காலையில் சாப்பிட்ட பீங்கான் தட்டு, சோறு காய்ந்தபடி மேசையில் கிடந்தது. கதிரையில் மூன்று சேட். பாய் விரித்தபடியே. தலையணையில் என் தலை வைத்த பள்ளம். எல்லாம் ஒவ்வொன்று: ஒரு பீங்கான், ஒரு கோப்பை, ஒரு தலையணை. அவருக்குப் பிளேன்டீ ஊற்ற, என் கோப்பையைத்தான் கழுவ வேண்டியிருந்தது. நான் குடிக்கவில்லை.

"இந்த வீட்டில ஆள் இருக்கு" என்றார், சுற்றிலும் பார்த்துவிட்டு. "இவ்வளவு குப்பையை நடிக்கேலாது."

"மற்ற வீடுகள் சேர்..."

"அதுகளைப் பகல்ல பாத்திட்டன். பாத்தது போதும்." தேநீரை ஊதிக் குடித்தார். "நாங்களும் இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஆக்கள்தான் தம்பி. முதல் வருஷம் எங்கட பக்கமும் வீட்டுக்கு ஒரு ஆள்தான் இருந்தது."

அவர் வீட்டார் எப்போது முழுதாக வந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரை அரிப்புப் பாலம் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன். போகும்போது, "நீர் இரும், எழுதுறன்" என்றார். எழுதியும் விட்டார். அடுத்த கிழமை கந்தோரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அன்று பொழுதுபட வீட்டுக் கிணற்றடியில் நின்று உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"உம்மா, எழுதிட்டாங்க. நாம இங்க குடியிருக்கிறமெண்டு எழுதிட்டாங்க. வீடு நம்மடதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாப்பாவிடம் சொல்லும் சத்தம் கேட்டது. தங்கச்சி எதற்கோ சிரித்தாள். பிறகு உம்மா திரும்பி வந்தார். "அப்ப இனி வந்துடலாந்தானே மகன்?"

எனக்கு விளங்கவில்லை. "யாரு?"

"நீதான். எழுதியாச்சே. திறப்ப மாமிட்டக் குடுத்துட்டு வா. உன்ட ரெண்டு சேட்ட வச்சிட்டு வா, அவ கொடியில போட்டுக்குவா."

"நீங்க பின்னால வாறதெண்டுதானே வாப்பா சொன்னாரு?"

"வருவம் மகன். தங்கச்சிமாரு படிச்சி முடியட்டும். இப்ப என்னத்துக்கு நீ அங்க தனியக் கிடந்து சாகிற?"

சின்னத் தங்கச்சி அப்போது மூன்றாம் வகுப்பு.

ஊர்ப் பாசம், மண் பாசம் என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் பிறக்காத ஊர். கிணற்றடியிலிருந்து பார்த்தால் ஒன்பது கூரை, ஒரு லாம்பு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"லைட் இப்பத்தான் உம்மா பூட்டினது."

உம்மா சிரித்தார். "லைட்டுக்காக ஒருத்தன் ஒரு ஊரில இருப்பானாடா?"

"நான் இருக்கிறன்."

உம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அடுத்த நாள் காலையில் கதவைப் பூட்டி, மாமி வீட்டைத் தாண்டும்போது ஹோர்ன் அடித்துவிட்டு, திறப்பை என் சேட் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.